சுரங்கத் துறை பற்றிய அரசுப் புள்ளிவிவரங்களைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

போன வருடம் ஒரு நாட்டின் சுரங்கத் துறை வளர்ந்ததா, சரிந்ததா? இந்த ஒரு கேள்வியோடு அந்த நாட்டின் அரசுப் பக்கங்களைத் திறந்தால், உற்பத்திக் குறியீட்டெண் (ஓர் அடிப்படை ஆண்டின் உற்பத்தியை 100 என்று வைத்து மற்ற காலத்தை அளக்கும் எண்) இறங்கியிருக்கலாம், விற்பனை மதிப்பு ஏறியிருக்கலாம், வேலை செய்பவர்களின் எண்ணிக்கை அசையாமல் கிடக்கலாம். ஒரே வருடம், ஒரே துறை, ஒரே அரசு. யாரும் பொய் சொல்லவில்லை, மூன்று எண்களும் சரியாகவே இருக்கலாம்.

கனிமம் மண்ணுக்கடியிலிருந்து கிளம்பி, உடைபட்டு, கழுவப்பட்டு, லாரி ஏறி, கடைசியில் உருக்காலைக்குப் போய்ச் சேர்கிறது. எண்ணுகிறவர் அந்தப் பாதையில் எந்த இடத்தில் நின்றுகொண்டு எண்ணினார் என்பதைப் பொறுத்து எண் மாறும். சுரங்கப் புள்ளிவிவரத்தில் நடக்கும் குழப்பத்தில் பெரும்பகுதி, அவர் நின்ற இடத்தைக் கேட்காமலே எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுவதால் வருவதுதான். ஆய்வுக்காகவோ செய்திக்காகவோ முதலீட்டுக்காகவோ, வெறும் ஆர்வத்துக்காகவோ இந்த அட்டவணைகளைத் திறப்பவர்கள் எந்த வரிசையில் போனால் சிக்காமல் வரலாம் என்று பார்ப்போம்.

படி 1: அட்டவணையைத் திறப்பதற்கு முன் கேள்வியை எழுதுங்கள்

"சுரங்கத் துறை எவ்வளவு பெரியது" என்பது கேள்வியே இல்லை, அதற்குள் ஐந்தாறு கேள்விகள் இருக்கின்றன. எத்தனை டன் எடுத்தார்கள்? அதை எவ்வளவுக்கு விற்றார்கள்? நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அதன் பங்கு என்ன? எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? அரசுக்கு ராயல்டியும் (கனிமம் எடுப்பதற்காக அரசுக்குக் கட்டும் பங்கு) வரியுமாக எவ்வளவு வந்தது? மண்ணுக்குள் இன்னும் எவ்வளவு இருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும் அலுவலகம் வேறு, அது கணக்கெடுக்கும் முறையும் வேறு.

பொதுவாக டன் கணக்கு கனிமத் துறை அல்லது நிலவியல் ஆய்வு அமைப்பிடம் இருக்கும். மதிப்புக் கணக்கு தேசியப் புள்ளியியல் அலுவலகத்திடமும், வேலைக் கணக்கு தொழிலாளர் துறையிடமோ சுரங்கப் பாதுகாப்பு அமைப்பிடமோ, வருவாய்க் கணக்கு நிதித்துறையிடமும் இருக்கும். அமெரிக்காவையே பாருங்கள். டன் கணக்குக்கு நிலவியல் ஆய்வகமான யு.எஸ்.ஜி.எஸ்., நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் எரிசக்தித் தகவல் நிர்வாகம், நிறுவனங்களின் வரவு செலவுக்கு 2, 7 என்று முடியும் ஆண்டுகளுக்காக நடக்கும் பொருளாதாரக் கணக்கெடுப்பு, மாதாந்தரக் குறியீட்டெண்ணுக்கு மத்திய வங்கி, விபத்துக்கும் வேலை நேரத்துக்கும் சுரங்கப் பாதுகாப்பு நிர்வாகம். இதில் எதையும் எதோடும் நேரடியாகக் கூட்டிக் கழிக்க முடியாது.

இந்தியாவில் இன்னும் சுவாரசியம். நாக்பூரில் இருக்கும் இந்தியன் பீரோ ஆஃப் மைன்ஸ் கனிம உற்பத்தி அறிக்கையை மாதாமாதம் தருகிறது. ஆனால் நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு, அணுக் கனிமங்கள் எல்லாம் அதன் வேலை இல்லை. நிலக்கரிக்கு நிலக்கரிக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம், எண்ணெய்க்குப் பெட்ரோலிய அமைச்சகம். மணல், ஜல்லி, கட்டடக் கல் போன்ற சிறு கனிமங்கள், 1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி மாநில அரசுகளின் கையில். 2015இல் ஒரே அறிவிப்பில் 31 கனிமங்களைச் சிறு கனிமப் பட்டியலுக்கு மாற்றினார்கள். ஆகவே அந்த வருடத்தைத் தாண்டி ஒரு நீண்ட வரிசையை வரைந்து பார்த்தால் சில கனிமங்கள் திடீரென்று காணாமல் போனது போலத் தெரியும். சுரங்கம் மூடவில்லை, பட்டியல்தான் மாறியது.

படி 2: துறையின் எல்லை எங்கே என்று பாருங்கள்

உலகில் பெரும்பாலான நாடுகள் ஐ.நா.வின் தொழில் வகைப்பாட்டையோ அதைத் தழுவிய தங்கள் சொந்த வகைப்பாட்டையோ பயன்படுத்துகின்றன. அதன் நான்காம் திருத்தத்தில் பி பிரிவுதான் சுரங்கமும் குவாரியும். அதற்குள் 05 நிலக்கரி, 06 எண்ணெயும் எரிவாயுவும், 07 உலோகத் தாதுக்கள், 08 மற்றவை, 09 துணைச் சேவைகள். இந்தியாவின் 2008 வகைப்பாடும் இதே எண்களைத்தான் வைத்திருக்கிறது. வட அமெரிக்காவில் இது 21ஆம் துறை.

முதலில் கவனிக்க வேண்டியது, எண்ணெயும் எரிவாயுவும் உள்ளேயா வெளியேயா என்பது. "சுரங்கத் துறை" என்று கேட்டதும் நம் மனதில் வருவது குழியும் டம்பர் லாரியும்தான், ஆனால் புள்ளிவிவரத்தில் பல நாடுகளில் அந்தப் பெயருக்குள் கடலில் நிற்கும் எண்ணெய்க் கிணறுதான் பெரிய பங்கு வகிக்கிறது. அமெரிக்க மத்திய வங்கியின் சுரங்கக் குறியீட்டெண் ஏறியது என்றால் தாமிரச் சுரங்கம் சுறுசுறுப்பாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஷேல் எனப்படும் பாறை அடுக்குகளிலிருந்து எடுக்கும் எண்ணெய் ஏறியிருக்கலாம், அவ்வளவுதான்.

தாதுவை உடைப்பது, அரைப்பது, கழுவுவது, செறிவாக்குவது (வேண்டாத கல்லை நீக்கி உலோகப் பங்கைக் கூட்டுவது) வரை சுரங்கக் கணக்கு. உருக்கினால் அது உற்பத்தித் துறைக்குப் போய்விடும். ஒரே நிறுவனம், ஒரே வளாகத்தில் தோண்டியும் உருக்கியும் செய்கிறது என்றால்? கணக்கெடுக்கும் அலகு தொழிலிடமா, நிறுவனமா என்று தேட வேண்டும். தொழிலிடவாரியாக எடுத்தால் இரண்டும் பிரியும். நிறுவனவாரியாக எடுத்தால் எந்த வேலை பெரியதோ அதன் பெயரில் மொத்தமும் போகும். சொந்தச் சுரங்கம் வைத்திருக்கும் உருக்காலைகள் உள்ள நாடுகளில் இந்த ஒரு முடிவே துறையின் அளவை நன்றாகவே மாற்றிவிடும்.

ஒப்பந்ததாரர் விஷயம் இதைவிடச் சிக்கல். சுரங்கத்துக்காகக் கூலிக்குத் துளையிடுபவர் 09இல் வருவார். ஆனால் தாதுவின் மேல் கிடக்கும் மண்ணை அகற்றுவதற்கென்று ஒப்பந்தம் எடுத்தவர், ஐ.நா. வகைப்பாட்டின்படி கட்டுமானத் துறையில் வருவார். தாதுவை ஏற்றிச் செல்லும் லாரிக்காரர் போக்குவரத்தில் வருவார். நிலவியல் ஆலோசகர் பொறியியல் சேவையில் வருவார். குழிக்குள் நிற்கும் நாலு பேர் நாலு துறையில் இருப்பார்கள். எனவே ஒரு சுரங்கம் தன் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டால், ஒரு டன்கூடக் குறையாமல் "சுரங்க வேலைவாய்ப்பு" மட்டும் குறையும்.

கடல்நீரை ஆவியாக்கி எடுக்கும் உப்பும் இந்த வகைப்பாட்டில் சுரங்கத் தொழில்தான், 0893ஆம் வகுப்பு. உப்பளத்தில் நிற்பவரிடம் நீங்கள் சுரங்கத் தொழிலாளி என்று சொன்னால் சிரிப்பார், ஆனால் அட்டவணை அப்படித்தான் சொல்லும்.

படி 3: எந்த நிலையில் எடை போட்டார்கள்?

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு தாமிரச் சுரங்கம் 1,00,000 டன் தாது எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் தாமிரம் 0.8 சதவீதம், அதாவது 800 டன். செறிவாக்கும்போது பத்தில் ஒரு பங்கு கழிவோடு போய்விட்டால் கையில் நிற்பது 720 டன். அது 25 சதவீதம் தாமிரமுள்ள செறிவுத்தாதுவாக வெளியே வந்தால் அதன் எடை 2,880 டன். இப்போது இந்தச் சுரங்கத்தின் "தாமிர உற்பத்தி" எவ்வளவு? ஒரு அட்டவணை 1,00,000 என்று சொல்லும், இன்னொன்று 2,880 என்னும், மூன்றாவது 720 என்னும். மூன்றுக்கும் தலைப்பு ஒன்றேதான் இருக்கும், வித்தியாசம் அடிக்குறிப்பில் இருக்கும். ஆகவே தலைப்பைப் படித்துவிட்டு நேராக அடிக்குறிப்புக்குப் போய், அப்புறம் எண்களுக்கு வரும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்புத்தாதுவில் இதே கதை வேறு உருவத்தில் நடக்கிறது. சீனப் புள்ளிவிவர அலுவலகம் மாதாமாதம் தரும் இரும்புத்தாது எண், தோண்டியபடியே எடுத்த தரம் குறைந்த தாதுவின் எடை. ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் சொல்லப்படுவது கப்பலில் ஏற்றத் தயாரான, இரும்பு அதிகமுள்ள தாதுவின் எடை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் முதலிடம் என்று தரவரிசை போட்டால் வெறும் கல்லுக்கும் சேர்த்து மதிப்பெண் போட்டதாகிவிடும். யு.எஸ்.ஜி.எஸ். அட்டவணையில் பயன்படுத்தத்தக்க தாது, அதிலுள்ள இரும்பு என்று இரண்டு பத்தி (நெடுவரிசை) இருப்பது இதற்காகத்தான். நாடுகளை ஒப்பிட இரண்டாவதை எடுங்கள்.

லித்தியத்தில் உலோக எடை, கார்பனேட் சமன எடை, ஸ்போடுமீன் என்ற லித்தியக் கனிமத்தின் செறிவுத்தாது எடை என்று மூன்று வழக்கம் இருக்கிறது. 1 டன் லித்தியம் என்பது 5.323 டன் லித்தியம் கார்பனேட்டுக்குச் சமம். அதாவது எந்த வழக்கம் என்று பார்க்காமல் எடுத்தால் ஐந்து மடங்குக்கு மேல் தவறு வரும். 2023 பிப்ரவரியில் ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியம் என்று செய்தி பறந்தது நினைவிருக்கும். அது லித்தியத் தாதுவின் எடை. அதுவும் ஜி3 எனப்படும், ஆரம்ப நிலை ஆய்வில் கிடைத்த ஊகிக்கப்பட்ட வளம். பல செய்திகள் அதையே உலகின் லித்தியம் இருப்புப் பட்டியலில், உலோக எடையில் சொல்லப்படும் எண்களுக்கு நடுவே நுழைத்து, இந்தியாவுக்கு இத்தனையாவது இடம் என்று எழுதிவிட்டன. இது படி 3லும் கோட்டை விட்டு, பின்னால் வரும் படி 8லும் கோட்டை விட்ட கதை.

அப்புறம், எங்கே தோண்டினார்கள் என்பதும் எங்கே சுத்திகரித்தார்கள் என்பதும் வேறு அட்டவணை. கோபால்ட் தோண்டுவதில் காங்கோ ஜனநாயகக் குடியரசு முதலிடம், சுத்திகரிப்பதில் சீனா முதலிடம். "கோபால்ட் உற்பத்தியில் முதல் நாடு எது" என்ற கேள்விக்கு இரண்டு சரியான பதில்கள் இருக்கின்றன. இரண்டு அட்டவணையையும் கூட்டிவிட்டால் ஒரே உலோகத்தை இருமுறை எண்ணியதாகும்.

அலகுகளைப் பற்றி சுருக்கமாக. அமெரிக்க நிலக்கரிக் கணக்கு பெரும்பாலும் ஷார்ட் டன்னில் வரும், அது 907 கிலோ. பழைய பிரிட்டிஷ் ஆவணங்களில் லாங் டன், 1,016 கிலோ. நாம் டன் என்று சொல்வது 1,000 கிலோ. தங்கத்துக்கு ட்ராய் அவுன்ஸ், 31.1035 கிராம். வைரத்துக்கு கேரட், 0.2 கிராம். எண்ணெய்க்கு பேரல், சுமார் 159 லிட்டர்.

ஆண்டும் ஒரு அலகுதான். இந்திய அட்டவணையில் வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், ஆஸ்திரேலியாவில் ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும், யு.எஸ்.ஜி.எஸ்.-க்கு ஜனவரி முதல் டிசம்பர். இந்தியா 100 கோடி டன் நிலக்கரியைத் தாண்டியது 2024-25 நிதியாண்டில். இதை வேறு நாட்டின் காலண்டர் ஆண்டு 2024 எண்ணோடு ஒப்பிட்டால் மூன்று மாதம் சறுக்கும். ஒப்பிட வேண்டுமென்றால் மாதாந்தர எண்களை எடுத்து நீங்களே கூட்டிக்கொள்வதுதான் வழி.

இன்னொன்று, எடுத்தது வேறு, அனுப்பியது வேறு. நிலக்கரி அறிக்கைகளில் உற்பத்தி ஒரு பத்தியிலும் ஆஃப்டேக் (வாங்குபவர்களுக்கு அனுப்பிய அளவு) இன்னொரு பத்தியிலும் இருக்கும். வித்தியாசம் சுரங்க வாயில் குவியலாகக் கிடக்கிறது. மின் நிலையத்தில் நிலக்கரித் தட்டுப்பாடா என்று தெரிய வேண்டுமென்றால் உற்பத்திப் பத்தியைப் பார்த்துப் பயனில்லை.

படி 4: மதிப்பு என்றால் எந்த மதிப்பு?

டன்னைத் தாண்டிப் பணத்துக்கு வந்தால் நாலு விதமான எண்கள் இருக்கும்.

முதலாவது, உற்பத்தியின் மதிப்பு. எடுத்த அளவை ஒரு விலையால் பெருக்கியது. எந்த விலை? சுரங்க வாயில் உள்ள விலையா, துறைமுகத்தில் கப்பல் ஏற்றும் விலையா, உலகச் சந்தை விலையா? ரயில் கட்டணமும் துறைமுகச் செலவும் சேரும்போது, குறிப்பாக மலிவான, கனமான பொருள்களில், இடைவெளி பெரிதாகும். தன் சொந்த ஆலைக்கே தாதுவை அனுப்பும் சுரங்கத்துக்குச் சந்தை விலையே கிடையாது, நிறுவனம் தன் ஏட்டில் எழுதும் விலையோ அரசு அறிவிக்கும் சராசரி விலையோதான் இருக்கும். இரண்டாவது, நிறுவனங்களின் விற்பனை வருவாய். இதில் போன வருடக் கையிருப்பை விற்றதும் அடங்கும். மூன்றாவது, மொத்த மதிப்புக் கூட்டல், அதாவது வருவாயிலிருந்து டீசல், வெடிமருந்து, மின்சாரம், வெளிச் சேவை போன்றவற்றைக் கழித்தது. நாட்டு உற்பத்தியில் சுரங்கத்தின் பங்கு என்று சொல்லப்படுவது இந்த மூன்றாவது எண்ணை வைத்துத்தான். "சுரங்கத்தின் விற்பனை நாட்டு உற்பத்தியில் இத்தனை சதவீதம்" என்று யாராவது எழுதினால், வகுக்கக் கூடாத இரண்டை வகுத்திருக்கிறார்கள். நாலாவது, அரசுக்கு வந்த வருவாய். அதற்குப் படி 9இல் வருகிறேன்.

மதிப்புக் கூட்டலிலும் நடப்பு விலை (அந்தந்த வருடத்து விலை), நிலையான விலை (ஒரே அடிப்படை ஆண்டின் விலை) என்று இரண்டு வரிசை இருக்கும். சுரங்கத்தில் இந்த வேறுபாடு மற்ற எந்தத் துறையையும்விடப் பெரிது, காரணம் விலை ஆடும் ஆட்டம். எண்ணெய் விலை பாதியாகும் வருடத்தில் ஒரு பேரல்கூடக் குறையாமல் நடப்பு விலைக் கணக்கில் துறை வெகுவாகச் சுருங்கும். "எவ்வளவு எடுத்தார்கள்" என்று கேட்டால் நிலையான விலை வரிசை, "எவ்வளவு வருமானம் வந்தது" என்று கேட்டால் நடப்பு விலை வரிசை. இரண்டு வரிசையிலிருந்தும் ஆளுக்கொரு வருடத்தை எடுத்து வளர்ச்சி விகிதம் போடுகிறவர்களை அவ்வப்போது பார்க்கலாம்.

புதிதாகத் தாது தேடும் செலவு எங்கே போகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறைப்படி கனிமத் தேடலுக்கான செலவு முதலீடு. தேடிப் பார்த்து ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் முதலீடுதான். அதே சமயம் மண்ணிலிருந்து எடுத்த தாது திரும்ப வராது என்பதை இந்தக் கணக்கு நெடுங்காலம் ஒரு செலவாகவே காட்டவில்லை. எடுக்க எடுக்க நாடு பணக்காரன் ஆவது போலத் தெரிந்தது, இருப்பு கரைவது எங்கோ தனி அட்டவணையில் கிடந்தது. 2025இல் ஏற்கப்பட்ட புதிய முறை, இயற்கை வளம் குறைவதை உற்பத்திச் செலவாகக் கணக்கிடச் சொல்கிறது. நாடுகள் இதற்கு மாறச் சில ஆண்டுகள் ஆகும். மாறிய பிறகு சுரங்கத்தை நம்பிய நாடுகளின் நிகர உள்நாட்டு உற்பத்தி (தேய்மானம் போன்றவற்றைக் கழித்த எண்) வேறு மாதிரித் தெரியும். எனக்குத் தெரிந்து இந்தத் துறையின் கணக்கில் ரொம்ப நாளாகப் பாக்கியிருந்த திருத்தம் இதுதான்.

உற்பத்தித்திறனை, அதாவது போட்ட உழைப்புக்கும் முதலீட்டுக்கும் எவ்வளவு உற்பத்தி கிடைத்தது என்பதைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 2000களில் ஆஸ்திரேலியாவில் சுரங்கத் தொழில் கொடிகட்டிப் பறந்த காலத்தில் அதன் உற்பத்தித்திறன் எண்கள் இறங்கின. அவர்கள் சோம்பேறி ஆகவில்லை. விலை ஏறியதால் தரம் குறைந்த, ஆழமான தாதுவை எடுப்பதும் லாபமானது. கொட்டிய முதலீடோ உற்பத்தியாக மாறச் சில வருடங்கள் பிடித்தன. சுரங்கத்தில் உற்பத்தித்திறன் சரிவது பல நேரம் நல்ல விலையின் அறிகுறி.

படி 5: குறியீட்டெண்ணைப் பிரித்துப் பாருங்கள்

மாதாமாதம் செய்தியில் வருவது இதுதான். மூன்றைக் கேளுங்கள்: உள்ளே யாருக்கு எவ்வளவு எடை (மொத்தக் கணக்கில் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் பங்கு), அடிப்படை ஆண்டு எது, எதோடு ஒப்பிடுகிறார்கள்.

இந்தியத் தொழில் உற்பத்திக் குறியீட்டெண்ணின் 2011-12 தொடரில் சுரங்கத்தின் எடை 14.37 சதவீதம். அதில் நிலக்கரிக்குச் சுமார் 4.16, கச்சா எண்ணெய்க்கு 3.62, இயற்கை எரிவாயுவுக்கு 2.77. மூன்றும் சேர்ந்து 10.55. அதாவது சுரங்கக் குறியீட்டெண்ணில் கிட்டத்தட்ட நாலில் மூன்று பங்கு எரிபொருள். இரும்புத்தாது, பாக்சைட், சுண்ணாம்புக்கல், மாங்கனீஸ், துத்தநாகம் எல்லாம் மீதிப் பங்கில் அடங்க வேண்டும். எண்ணெய் வயல்கள் முதுமையடைந்து உற்பத்தி இறங்கிக்கொண்டே வந்தால், உலோகச் சுரங்கங்கள் எவ்வளவு ஓடினாலும் மொத்த எண் மந்தமாகவே தெரியும். எடைகள் அடிப்படை ஆண்டில் உறைந்துபோனவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிப்படை ஆண்டு மாறினால் பழைய தொடரோடு ஒட்டவைக்க இணைப்புக் காரணியை (ஒரு தொடரின் எண்ணை இன்னொன்றின் அளவுக்கு மாற்றும் பெருக்கெண்ணை) தேட வேண்டும், நேராக ஒட்டக் கூடாது.

ஒப்பீட்டுக்கு வருவோம். 100இல் இருந்தது 70க்கு விழுந்து மறுபடி 100க்கு வந்தால், விழுந்தது 30 சதவீதம், ஏறியது 43 சதவீதம். செய்தித் தலைப்பு இரண்டாவதை மட்டும் சொல்லும். கொரோனா பெருந்தொற்றுக்கு அடுத்த வருடம் பல நாடுகளில் இந்தக் கூத்து நடந்தது. அது மாதிரி மாதங்களில் இரண்டு வருடத்துக்கு முந்தைய அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

பருவமும் உண்டு. திறந்தவெளிச் சுரங்கங்களில் மழைக்காலத்தில் குழி நிறையத் தண்ணீர், உற்பத்தி இறங்கும். ஜூலையை ஜூனோடு ஒப்பிட்டுச் சரிவு என்று எழுதினால் மழை பெய்தது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். பருவத் திருத்தம் செய்த வரிசை இருந்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் போன வருடத்து அதே மாதம். முதலில் வரும் எண் தற்காலிகமானது, பிறகு திருத்துவார்கள். எனவே தரவிறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே போட்டு வைப்பது நல்லது.

படி 6: வேலைவாய்ப்பு எண்கள்

ஒப்பந்தக்காரர் சிக்கலைப் படி 2இல் பார்த்தோம். அதைத் தவிர, அமெரிக்க மாதாந்தர வேலைவாய்ப்பு அறிக்கையில் வரும் தலைப்பு "சுரங்கமும் மரம் வெட்டுதலும்". இரண்டும் ஒரே பெட்டி. உள்ளே போய்ப் பிரித்து எடுக்க முடியும், ஆனால் செய்தியில் வருவது பெட்டி.

பறந்து வந்து வேலை செய்து பறந்து போகிறவர்கள் அதிகமுள்ள நாடுகளில், ஆட்களை வேலையிடத்தில் எண்ணினார்களா, வீட்டில் எண்ணினார்களா என்று பாருங்கள். நிறுவனக் கணக்கெடுப்பு முதலாவதைச் சொல்லும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெரும்பாலும் இரண்டாவதை.

எண்ணப்படாதவர்கள்தான் பெரிய விஷயம். கையால், சிறு அளவில் தங்கமும் கோபால்ட்டும் ரத்தினமும் தோண்டுகிறவர்கள் உலகில் 4 கோடிக்கும் மேல் என்று சர்வதேச அமைப்புகள் மதிப்பிடுகின்றன. பெரிய நிறுவனச் சுரங்கங்களில் வேலை செய்பவர்களைவிட இது பல மடங்கு. ஆனால் உரிமம் இல்லாததால் பல நாடுகளின் அட்டவணையில் இவர்கள் இல்லை. ஆப்பிரிக்க நாடுகளின் தங்கத் தொழில் பற்றிப் படிக்கும்போது இதை மறந்தால் படித்ததில் பாதி வீண்.

குறுக்கே சரிபார்க்க ஒரு நல்ல இடம் சுரங்கப் பாதுகாப்பு அமைப்புகளின் தரவு. விபத்து விகிதம் கணக்கிட எத்தனை பேர், எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று அவர்கள் சேகரித்தாக வேண்டும். அதில் பல நேரம் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருப்பார்கள்.

படி 7: வெற்றுக் கட்டங்களும் எழுத்துகளும்

எண் இருக்க வேண்டிய இடத்தில் டி என்றோ டபிள்யூ என்றோ எழுத்து இருந்தால் தரவு தொலைந்துபோகவில்லை, மறைத்திருக்கிறார்கள். ஒரு மாநிலத்தில் ஒரு கனிமத்தை ஒன்றிரண்டு நிறுவனங்களே எடுத்தால், மொத்தத்தை வெளியிட்டாலே போட்டியாளருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்துவிடும். அமெரிக்கப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் டி, யு.எஸ்.ஜி.எஸ். அட்டவணையில் டபிள்யூ. சுரங்கத்தில் நிறுவனங்கள் குறைவு என்பதால் இந்த மறைப்பு மற்ற துறைகளைவிட அதிகம். மொத்தத்திலிருந்து மற்றவற்றைக் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். அதைத் தடுக்கத்தான் பக்கத்தில் இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைத்திருப்பார்கள்.

சிறு கோடு பூஜ்யம், வெற்றிடம் தெரியாதது, "இ" என்றால் மதிப்பீடு, "ஆர்" என்றால் திருத்தியது. இந்தக் குறிகள் அமைப்புக்கு அமைப்பு மாறும். எக்செல் கோப்பில் இறக்கும்போது எல்லா எழுத்தும் பூஜ்யமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கூட்டல் போட்டதும் மாநிலமே காணாமல் போகும்.

படி 8: மண்ணுக்குள் இருப்பது

வளம் என்பது அங்கே இருக்கிறது என்று நம்பப்படுவது. இருப்பு என்பது இன்றைய விலையில், இன்றைய தொழில்நுட்பத்தில் லாபத்தோடு எடுக்கக்கூடியது. இருப்பை ஆண்டு உற்பத்தியால் வகுத்து "இன்னும் இத்தனை வருடத்தில் தீர்ந்துவிடும்" என்று சொல்வது மிகப் பழைய தவறு. 1970இல் உலகத் தாமிர இருப்பு சுமார் 28 கோடி டன் என்று மதிப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அதைவிடப் பல கோடி டன் கூடுதலாகவே தோண்டி எடுத்தாயிற்று. இன்றைய இருப்போ 1970இல் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். காரணம், இருப்பு என்பது நிறுவனங்கள் தேடிப் பார்த்து உறுதி செய்த பகுதி மட்டும். முப்பது வருடத்துக்குத் தேவையானதற்கு மேல் தேட யாரும் இன்றைக்குப் பணம் செலவழிக்க மாட்டார்கள்.

படி 9: இன்னொரு ஏட்டோடு ஒத்துப் பாருங்கள்

அரசு எண்ணை அரசு எண்ணாலேயே சோதிக்கலாம். ராயல்டியிலிருந்து தொடங்குங்கள். விலையில் 15 சதவீதம் ராயல்டி, டன்னுக்குச் சராசரி விலை 5,000 ரூபாய், வசூல் 15 கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தாதுவின் மதிப்பு 100 கோடி, அளவு 2,00,000 டன். உற்பத்தி அட்டவணை 3,00,000 என்று சொன்னால், மீதி குவியலில் கிடக்கிறதா, தரம் குறைந்ததா, பாக்கியா, வேறு ஏதாவதா என்று கேட்க வேண்டும். இந்தியச் சட்டப்படி ராயல்டி குத்தகை நிலத்திலிருந்து வெளியே போனதற்கோ அங்கேயே பயன்படுத்தியதற்கோதான், தோண்டியதற்கு அல்ல என்பதை மறக்க வேண்டாம்.

ஏற்றுமதிக் கணக்கு அடுத்தது. கர்நாடகத்தின் ஊழல் விசாரணை அமைப்பான லோக்ஆயுக்தாவின் 2011 அறிக்கை, துறைமுகங்களிலிருந்து போன இரும்புத்தாதுவையும் கொடுக்கப்பட்ட போக்குவரத்து அனுமதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. அனுமதியைவிடக் கப்பலேறியது அதிகம். நாடுகளுக்கிடையேயும் இதையே செய்யலாம்: ஒரு நாடு ஏற்றுமதி செய்ததாகச் சொல்வதும், வாங்கிய நாடு இறக்குமதி செய்ததாகச் சொல்வதும். சரக்குக் கட்டணம், காப்பீடு, பயண நாட்கள் எல்லாவற்றுக்கும் இடம் விட்ட பிறகும் பெரிய பள்ளம் இருந்தால், அதுவும் தங்கத்தில் இருந்தால், அங்கே ஒரு கதை இருக்கிறது. வருவாய்க்கு, 2003இல் தொடங்கிய இ.ஐ.டி.ஐ. எனப்படும் சர்வதேச வெளிப்படைத்தன்மை முயற்சியில் சேர்ந்த நாடுகளின் அறிக்கைகளைப் பாருங்கள், நிறுவனங்கள் கட்டியதாகச் சொல்வதையும் அரசு வாங்கியதாகச் சொல்வதையும் அங்கே அருகருகே காணலாம்.

இந்தச் சோதனை எதற்கும் பிடிகொடுக்காத பொருள் மணல். உலகில் ஆண்டுக்கு சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் பயன்படுத்தப்படுவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்கிறது. எடையில் பார்த்தால் நாம் தோண்டும் திடப்பொருள்களில் இதற்குத்தான் முதலிடம், கணக்கு வைப்பதில் கடைசி இடம். இதற்கு உற்பத்தி அட்டவணையை நம்பாமல், சிமெண்ட் எவ்வளவு விற்றது என்று பார்த்து, கான்கிரீட்டில் ஒரு பங்கு சிமெண்டுக்கு எத்தனை பங்கு மணலும் ஜல்லியும் சேரும் என்ற விகிதத்தால் பெருக்கித்தான் பல ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. உங்கள் பகுதி மணல் கணக்கைத் தேடிப் போனாலும் தொடங்க வேண்டிய இடம் சிமெண்ட் விற்பனை எண்தான்.